ஃபேன் வேகத்தைக் கூட்டியவன்

ஜூன் 3, செவ்வாய்

வடிவுக்குக் கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். புரை எடுத்த கண் தெளிவாக இருக்கிறதாம். ஆனால் இந்த மாதம் முழுக்கப் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்பு அனல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து புருஷனை வேலை வாங்குகிறாள். இன்றைக்குச் சாதம் குழைந்துவிட்டது. ரசத்தில் உப்பு இல்லை என்றாள். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

சொட்டு மருந்தை நான்தான் விட வேண்டும். கை நடுங்குகிறது என்று கேலி செய்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

மதுரைப் பதிப்பகத்திலிருந்து பெரிய பார்சல். வடிவு இதுவரை எழுதிய கதைகள் எல்லாம் ஒரே புத்தகமாக வரப்போகின்றன. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்து அனுப்ப வேண்டும். நேரம் பார்த்து வந்திருக்கிறது. அவள் படிக்க முடியாது. ஆகவே நான் வாசிக்க, அவள் கேட்க, திருத்தத்தை நான் எழுத என்று ஏற்பாடு.

எனக்கு இது புதிய வேலை இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன், எழுத்து முத்து முத்தாக இருக்கும். வடிவு அந்தக் காலத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம், மளிகைப் பொட்டலக் காகிதம் என்று கிடைத்ததில் பென்சிலால் கிறுக்கி வைப்பாள். நான் முழுத்தாளில் மார்ஜின் விட்டு, மையால் எழுதி, தபாலில் சேர்ப்பேன். கையெழுத்தைப் பார்த்தே கதையைப் படிக்கத் தோன்றியது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் பதில் போட்டிருந்தார். பிரதி எடுத்து முடித்ததும் கிறுக்கல் தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். எழுதும்போது அங்கங்கே ஒற்று, சந்தி, ஒரு வரி அரை வரி என்று நானும் சரி பண்ணியிருப்பேன். அதை எல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இன்று இரண்டு கதைகள் முடிந்தன. என் வாசிப்பு ஏலம் போடுகிற மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 8, ஞாயிறு

இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஜெபசெல்வி வந்திருந்தாள். சின்ன வயது, நல்ல மரியாதையான பெண். புத்தகத்தின் கடைசியில் அவள் கட்டுரை வரப்போகிறது. தலைப்பு, ‘சண்பகவடிவு கதைகளில் ஆண்கள்’. என்னை வைத்துக்கொண்டே எங்கள் இனத்தை விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் காபி போட எழுந்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு.

“பொம்பளைங்க எழுதுற கதையில ஆம்பளை ஒண்ணு ராட்சசனா இருப்பான், இல்ல ஆளே இருக்க மாட்டான்னு சொல்வாங்க சார். அம்மா கதையில அப்படி இல்ல. பயமுறுத்துவான், ஆனா கடைசி நிமிசத்துல தன்னையே தடுத்துக்குவான். அந்த எடம் ஒவ்வொண்ணும் அவ்வளவு நல்லா இருக்கு.”

உதாரணமாக ‘எட்டாம் நம்பர் வீடு’ கதையைச் சொன்னாள். கோமு என்கிற பெண் எழுதுகிறவள். அவளை மதுரையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். புருஷன் ராமபத்திரன் போகக் கூடாது என்கிறான். அவள் எதிர்த்துப் பேசுகிறாள். ஜெபசெல்விக்கு அந்த இடம் மனப்பாடம். “ராமபத்திரன் எழுந்தான். கோமு நகரவில்லை. அவன் அவளைக் கடந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து படுத்தான்.”

“இந்த ஒரு வரியிலதான் சார் என் கட்டுரையே நிக்குது” என்றாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த வரி நான் எழுதியது.

பிறகு அவள் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். கல்லூரியில் ஒரு பேச்சு இருக்கிறதாம். ஆண் மனசு இத்தனை துல்லியமாக ஒரு பெண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை, பெண்டாட்டி பேரில் எழுதுகிற ஆண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர், பழைய கையெழுத்துப் பிரதிகூடப் புருஷன் கையெழுத்தில்தான் இருந்ததாம் என்று. “அப்படி ஏதும் உண்டா சார்?”

நான் சிரித்தேன். உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று இல்லை, சிரிப்பு முந்திக்கொண்டது. அதற்குள் காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஜெபசெல்வி போன பிறகு வடிவு உள்ளறையிலிருந்து கேட்டாள்.

“அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லாம சிரிச்சியளே, எதுக்கு?”

“காபி பொங்கிட்டு” என்றேன்.

ஜூன் 9, திங்கள்

வடிவு இன்று வாசிக்கக் கூப்பிடவில்லை. காற்று பலமாக அடிக்கிறது. தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டதாம். துணி எல்லாம் பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கின.

ஜூன் 11, புதன்

தலை சுற்றுகிறது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் சொட்டு மருந்து விட்டு முடித்ததும் வடிவு கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “நீங்க மாத்தி எழுதின எடத்தை எல்லாம் இந்தப் புத்தகத்துல பழையபடி ஆக்கிரணும்.”

“எந்த எடம்?”

“உங்களுக்குத் தெரியும்லா.”

அச்சில் வந்த கதையை அவள் திரும்பப் படிப்பதே இல்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பத்திரிகை வந்தால் ஓரமாக வைத்துவிடுவாள். ஆனால் ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். எந்தக் கதையில் எந்த வரி என்று சொல்கிறாள்.

ஒரு கதையில் புருஷன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிவான். நான் தட்டைத் தள்ளிவைத்தான் என்று ஆக்கியிருந்தேன். இன்னொன்றில் கர்ப்பம் கலைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் புருஷன் பார்க்கவே வரமாட்டான். நான் அவனை ஹார்லிக்ஸ் பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரி வாசல்வரை வரவழைத்து, உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்ப வைத்தேன். இப்படிச் சில.

இதில் என்ன கெட்டுப்போய்விட்டது? அவன் முழு மோசமானவனாக இருந்தால் கதைக்கு அழகில்லை. ஜெபசெல்வியே சொல்கிறாள், நன்றாக இருக்கிறது என்று. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் செய்தால் கீழே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கதைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையே.

“அப்பமே ஏன் ஒண்ணும் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா பிரதி எடுக்க மாட்டிய. எனக்குக் கதை வெளிய போகணும்” என்றாள்.

அதில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரிகிறதில்லை.

ஜூன் 14, சனி

வேலை நடக்கிறது. அவள் சொல்லச் சொல்ல, அச்சான வரியை அடித்து ஓரத்தில் பழைய வரியை எழுதுகிறேன். தட்டு சுவரில் உடைந்தது. பிளாஸ்க் போய்விட்டது. அந்த ஆள் இப்போது ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை, வீட்டில் படுத்து ரேடியோ கேட்கிறான். எழுதும்போது எனக்கு ஒரு பழைய சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

மாலையில் ‘எட்டாம் நம்பர் வீடு’ வந்தது. ஃபேன் வரியை வாசித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தேன்.

“சொல்லு, எழுதிக்கிடுதேன்.”

“நீங்க சொல்லுங்க. நான் அதுல என்ன எழுதியிருந்தேன்?”

“எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? தாளை எரிச்சு எத்தனை வருசமாச்சு.”

“எனக்கும் ஞாபகம் இல்லைன்னு வச்சுக்கிடுங்க” என்று எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

மற்றதை எல்லாம் ஒற்றெழுத்து தவறாமல் சொன்னவளுக்கு இது மட்டும் எப்படி மறக்கும்?

ஜூன் 15, ஞாயிறு

உண்மையிலேயே எனக்கு நினைவில்லை. இதை இங்கேயாவது தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. கதையில் வருகிற மாதிரி வடிவையும் மதுரையில் ஒரு எழுத்தாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணமான புதிது, சமாதானபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டில் கொஞ்சம் வாய் வார்த்தை ஆகியிருக்கலாம். எந்த வீட்டில்தான் இல்லை. நான் எழுந்து போய் ஃபேன் வேகத்தைக் கூட்டினேன். ரெகுலேட்டர் குமிழ் டக்கென்று திரும்பிய சத்தம்கூடக் காதில் இருக்கிறது. அந்த அனுபவத்தைத்தான் கதையில் வைத்தேன். ஆக அந்த வரி உண்மையான வரி, திருத்தமே அல்ல. நாளைக்கு அவளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

வடிவு அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஏன் என்று நினைவில்லை. பஸ் ஸ்டிரைக்காக இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

சொன்னேன். ஃபேன், ரெகுலேட்டர், சத்தம் எல்லாம் சொன்னேன். வடிவு முழுக்கக் கேட்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“சமாதானபுரத்து வீட்டுல ஏதுங்க ஃபேன்?”

ஜூன் 17, செவ்வாய்

காஜா மைதீனுக்குப் போன் போட்டேன். என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவன், அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து போனவன். சுற்றி வளைத்து விசாரித்தேன்.

“அந்த வீடா? வெந்து சாக வேண்டிய எடம்லா அது” என்றான். “உம்ம வீட்டுக்கு வந்தா மதினி பனை விசிறியத்தான் கையில குடுக்கும். ஃபேன் நீரு சொந்த வீடு வந்த பெறகு வாங்குனது. கடைக்கு நான்தானவே கூட வந்தேன்.”

அது சரிதான். அவன் கூட வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. அப்படியானால் என் காதில் கேட்கிற ரெகுலேட்டர் சத்தம் எங்கிருந்து வந்தது? நானே எழுதிய கதையை நானே நம்பிவிட்டேனா? அந்தக் கதை எத்தனையோ மலரில், தொகுப்பில் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வரியை நான் படித்துப் பார்ப்பேன். படிக்கும்போதெல்லாம் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். எதற்கு ஆறுதல் என்று யோசித்ததில்லை.

பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

வடிவு மாடிக்குக் காற்று வாங்கப் போயிருந்தபோது ஜெபசெல்வியைக் கூப்பிட்டேன். என் பக்கம் ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஃபேன் வரியை எடுக்கப் போகிறார்கள், நீங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். அந்த வரியும் அது மாதிரி வேறு சிலதும் நான் போட்டவை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேன் சார்” என்றாள். “ஆம்பளைங்க கடைசி நிமிசத்துல தடுத்துக்கிட்ட எடம் எல்லாமே நீங்க எழுதினதா?”

“ஆமாம்மா.”

“அப்போ நான் யாரைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கேன் சார்?”

என்னைப் பற்றித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அந்த ராமபத்திரன் நான்தானா, நானாக இருக்க ஆசைப்பட்ட ஆளா என்று குழம்பி, அம்மாவோடு பேசுங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜெபசெல்வி வடிவோடு போனில் வெகுநேரம் பேசினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது.

“கட்டுரைக்கு ஏத்தாப்ல கதையை வச்சுக்கிட முடியுமாம்மா?”

“இல்லம்மா, அவங்க மேல கோவம்னு இல்ல. அந்த ஆம்பளைங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் அவங்களைத் தெரியாது.”

இதைக் கேட்டதும் கையிலிருந்த கீரையை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது. தண்டை எல்லாம் சட்டியில் போட்டு இலையைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன், பிறகுதான் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பதிப்பகத்திலிருந்து போன். செவ்வாய்க்குள் எல்லாம் கைக்கு வந்தாக வேண்டும், மெஷின் காத்திருக்கிறதாம். ஜெபசெல்வி கட்டுரையைத் திருப்பி எழுதுகிறாளாம். எல்லாம் முடிந்தது, அந்த ஒரு பக்கம்தான் பாக்கி.

மத்தியானம் வடிவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். “நீயே சொல்லிரு வடிவு. நீ எதைச் சொன்னாலும் எழுதிருதேன்.”

“எடுத்தது நீங்க. நீங்கதான் வைக்கணும்.”

“தப்பா எழுதிட்டேன்னா?”

“என்னால படிக்க முடியாதுல்லா. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. அது போதும்.”

ஃபேனை அப்படியே விட்டுவிட்டு வாய்க்கு வந்ததை வாசித்துக் காட்டினாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. புத்தகம் வந்தால்தான் தெரியும். அப்படி ஒரு எண்ணம் வந்தது உண்மை. பொழுது சாய்கிறவரை அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலையிலேயே எழுதிவிட்டேன். நான் எழுதினேன் என்பதைவிடக் கை எழுதிக்கொண்டு போனது என்பதுதான் சரி. ஃபேன் வரியை அடித்தேன். மேலே வடிவின் வாக்கியங்கள் அச்சில் இருந்தன, ராமபத்திரன் எழுந்தான், கோமு நகரவில்லை என்று. அதற்குப் பக்கத்தில் ஓரத்தில் பேனாவை வைத்ததும் அடுத்தது தானாக வந்தது. வடிவின் பென்சில் கிறுக்கலே கண்ணுக்கு முன்னால் தெரிகிற மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் நினைவுக்கு வராமல் இருந்தது இப்படி ஒற்றெழுத்தோடு வருகிறதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

வடிவு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் கண்ணுக்கு மருந்து விட்டேன். பிறகு தாளை எடுத்து வாசித்தேன். ஏலம் போடுகிற குரல் வரவில்லை.

“ராமபத்திரன் எழுந்தான். கோமு நகரவில்லை. அவள் இடது கன்னத்தில் அறைந்தான். தோடு கழன்று பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் தோட்டைத் தேடிக் குனிந்தாள். அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.”

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். சரியாக எழுதிவிட்டேன், இனி அவள் நிம்மதியாக இருப்பாள் என்று எனக்கு ஒரு திருப்தி. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“நான் இப்படி எழுதல” என்றாள்.

“பின்ன?”

“கையை ஓங்கினான்னு எழுதுனேன். அதோட நிறுத்திட்டேன். அடிச்சான்னு எழுத எனக்கே மனசு வரல.”

நான் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். முத்து முத்தாகத்தான் இருந்தது.

“தோடு விழுந்ததைக் கதையில எங்கயுமே நான் எழுதலங்க” என்றாள். “அது பீரோவுக்கு அடியில கெடந்ததை உங்ககிட்ட சொன்னதும் இல்ல. விடிஞ்ச பெறகு நான்தான் தேடி எடுத்தேன்.”

இந்த வரியை அடித்துவிடவா, நீ சொன்னபடி கையை ஓங்கினான் என்று மாற்றி எழுதிவிடவா என்று கேட்டேன். பேனா மூடியைத் திறக்கப் போனவனை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம், இருக்கட்டும்” என்றாள். அவள் கண்ணில் நீர் வடிந்தது. மருந்தாகவும் இருக்கலாம். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“உங்களுக்கு மறந்துட்டுன்னுல்லா இத்தனை வருசமும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”